கயாக் துடுப்புக்கு மரவாடியில் கட்டை பொறுக்குவது எப்படி

நான் முதலில் செய்த துடுப்பு தேக்கு. வீட்டுக்கு நிலை வைத்தபோது மிஞ்சிய கட்டை, ஏழடி நீளம், வைரம் பாய்ந்தது, பரணில் பல வருஷம் கிடந்து நன்றாகக் காய்ந்தது. இதைவிட நல்ல மரம் எங்கே கிடைக்கும் என்று நினைத்து இழைத்து முடித்தேன். பார்த்தவர்கள் எல்லாம் தடவித் தடவி மெச்சினார்கள். முட்டுக்காடு உப்பங்கழியில் முக்கால் மணி நேரம்தான் போட்டேன். மறுநாள் காலையில் கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. அந்தத் துடுப்பு இப்போது மொட்டை மாடியில் கொடிக்கயிற்றுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.

பெரிய படகில் துடுப்பை விளிம்பில் சாத்தி வலிக்கலாம், பாதி எடையைப் படகு தாங்கிக்கொள்ளும். கயாக் என்ற குறுகலான சின்னப் படகில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு பக்கமும் தட்டு உள்ள துடுப்பு முழுவதும் உங்கள் இரண்டு கையில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 50 போடு என்று நிதானமாகப் போட்டாலும் மணிக்கு 3000 முறை அதைத் தூக்குகிறீர்கள். அரைக் கிலோ கூடுதலாக இருந்தால் என்ன ஆகும் என்று என் தோளைக் கேளுங்கள்.

ஆகவே புதிதாகத் துடுப்பு செய்ய நினைப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த மரம் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கையில் இருக்கும் கட்டை என்ன எடை, அதன் ரேகை, அதாவது மரத்தின் இழை, எப்படி ஓடுகிறது, இந்த இரண்டையும் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நல்ல ஜாதி மரத்தில் மோசமான கட்டையும் உண்டு, யாரும் மதிக்காத மரத்தில் அருமையான கட்டையும் உண்டு.

எந்த வடிவம்

இங்கே நான் சொல்வது கிரீன்லாந்துத் துடுப்புக்கு. குறுகலான நீளத் தட்டு, நடுவில் பிடி, எல்லாம் ஒரே கட்டையில். முதல் முறை செய்பவர்களுக்கு இதுதான் சரி. ரம்பம், இழைப்புளி, அரம், உப்புத்தாள் இருந்தால் போதும்.

இந்த வடிவம் வந்த ஊரில் பலகை அறுக்கும் அளவுக்கு உயர்ந்து வளரும் மரமே இல்லை என்பது வேடிக்கை. சைபீரிய ஆறுகளில் அடித்துக்கொண்டு வந்து, பனிக்கட்டியோடு ஆர்க்டிக் கடலில் மிதந்து, கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கும் கட்டைகளைத்தான் அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் பொறுக்கி எடுத்தார்கள். லார்ச், ஸ்ப்ரூஸ், பைன் என்று எது வந்ததோ அது. மென்மையான மரம் பனிக்கட்டியில் மோதித் தேயாமல் இருக்க நுனியிலும் ஓரத்திலும் எலும்பு வைத்து இழைத்தார்கள். விருப்பப்பட்ட மரம் கிடைக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. ஒதுங்கியதில் எது உதவும் என்று பார்க்கும் கண் இருந்தது. நம் மரவாடிக்கும் அந்தக் கண்தான் தேவை.

அளவு எடுத்துக்கொண்டு போங்கள்

கிரீன்லாந்துக்காரர்களின் நீளக் கணக்கு நமக்குப் புதிதல்ல: ஒரு பாகம், ஒரு முழம். இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு பாகம். நம் மீனவர்கள் கடலின் ஆழத்தைச் சொல்லும் அதே பாகம். அதோடு முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம் கூட்டினால் துடுப்பின் நீளம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆளுக்குப் பாகம் ஏறக்குறைய 170, முழம் 46, ஆக 216.

இங்கேதான் ஒரு சிக்கல். மரவாடியில் நிலைக்காக அறுத்து வைத்திருக்கும் கட்டை பெரும்பாலும் ஏழடி. ஏழடி என்றால் 213 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டரில் மாட்டிக்கொள்வீர்கள். அதுபோக இரண்டு முனையிலும் வெடிப்பு இருந்தால் வெட்டித் தள்ள வேண்டும். ஏழரை அடி கேளுங்கள், எட்டடி கிடைத்தால் இன்னும் நல்லது.

அகலமும் தடிமனும் எளிது. இழைத்து முடித்த பிறகு மூன்றரை அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம் நிற்க வேண்டும். அறுத்த நிலையில் ‘நாலுக்கு ரெண்டு’ வாங்கினால் சரியாக இருக்கும்.

எடைக் கணக்கு

பயணப்பெட்டி தொங்கவிடும் சின்னத் தராசு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மரவாடிக்குப் போகும்போது அதுவும் ஒரு டேப்பும் பையில் இருக்கட்டும்.

நாலுக்கு ரெண்டு, ஏழரை அடிக் கட்டையின் கன அளவு 0.42 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 12 லிட்டர். செய்து முடித்த துடுப்பு ஏறக்குறைய 2 லிட்டர்தான் வரும். மீதி எல்லாம் சுருள் சுருளாகத் தரையில் கிடக்கும். அதனால் கட்டையைத் தூக்கி நிறுத்து, வந்த எடையை ஆறால் வகுத்தால் துடுப்பின் எடை வந்துவிடும். நன்றாகக் காய்ந்த வெஸ்டர்ன் ரெட் சீடர் கட்டை நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும், துடுப்பு முக்கால் கிலோவுக்குள் வரும். குமிழ் ஆறு கிலோவை ஒட்டி வரும், துடுப்பு ஒரு கிலோ. தேக்கு ஏழரைக் கிலோவைத் தாண்டும், துடுப்பு ஒன்றேகால் கிலோவுக்கு மேல், மறுநாள் சட்டை போட முடியாது.

என் வரம்பு ஆறு கிலோ. அதற்கு மேல் நின்றால் எவ்வளவு அழகான கட்டையாக இருந்தாலும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒரே அடுக்கில், ஒரே மரத்தில் அறுத்த கட்டைகளுக்கு இடையிலேயே ஒரு கிலோ வித்தியாசம் பார்த்திருக்கிறேன். அதனால் ஒன்றை மட்டும் நிறுத்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

ஈரமான கட்டை பொய் சொல்லும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதைப் பிறகு பார்ப்போம்.

என்ன மரம் கேட்பது

உலகம் முழுக்கத் துடுப்பு செய்பவர்கள் முதலில் தேடுவது வெஸ்டர்ன் ரெட் சீடர். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வளர்வது, கனமீட்டருக்கு 370 கிலோ அளவில்தான் இருக்கும், எளிதில் மக்காது, இழைப்புளி வெண்ணெயில் போவது போலப் போகும். குறை என்னவென்றால் நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். கல்லில் தள்ளினால் நுனி நசுங்கும். நம் ஊரில் இது இறக்குமதி மரம், சுவருக்குப் பலகை அடிக்கவும் நீராவி அறைக்கும் வாங்குகிறார்கள். கேட்கும்போது வெறுமனே ‘ரெட் சீடர்’ என்று கேட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ரெட் சீடர் என்றால் நம் சந்தன வேம்பு. இமயமலைத் தேவதாருவையும் சிலர் சீடர் என்றுதான் சொல்வார்கள், அது இதைவிட நன்றாகவே கனக்கும்.

ஸ்ப்ரூஸ் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். எடைக்கு ஏற்ற விறைப்பு என்று பார்த்தால் அதை அடிக்க ஆள் குறைவு. 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் சட்டத்தில் பெரும்பகுதி ஸ்ப்ரூஸ்தான். தண்ணீர் உள்ளே போனால் மக்கிவிடும், அதனால் எண்ணெயோ வார்னிஷோ தவறாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பைன் எல்லா இடத்திலும் கிடைக்கும். இங்கே புதுப் பலகையாக வருவதில் நிறைய நியூசிலாந்து பைன். தோட்டத்தில் வேகமாக வளர்த்தது, ஆண்டு வளையங்கள் விரல் தடிமனுக்குக்கூட இருக்கும், கனமீட்டருக்கு 500 கிலோ அளவு. அடுக்கைக் கலைத்துப் பார்த்தால் வளையம் நெருங்கிய கட்டை ஒன்றிரண்டு மாட்டும். பச்சை நிறம் ஏறிய, மருந்து செலுத்திய பைன் மட்டும் வேண்டவே வேண்டாம். செம்பும் சில வகைகளில் ஆர்செனிக்கும் கலந்த மருந்து அது, அந்தத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது.

பெட்டிக்கட்டை என்று விற்கும் பழைய பேக்கிங் மரத்தில் நல்ல ஸ்ப்ரூஸும் பைனும் ஒளிந்திருக்கும். அதில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும், பக்கத்தில் ஆங்கிலத்தில் ஹெச்.டி. என்று இருந்தால் சூடுபடுத்திப் பூச்சியைக் கொன்றது, எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது. எம்.பி. கட்டையைத் தொட வேண்டாம். ஹெச்.டி. என்பதால் மரம் காய்ந்துவிட்டது என்றும் அர்த்தம் இல்லை. நடுமரம் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்தால் அந்த முத்திரை கொடுத்துவிடுவார்கள், உலர்த்துவது வேறு வேலை.

நாட்டு மரங்களில் எனக்குப் பிடித்தது குமிழ். நாற்றுப் பண்ணைக்காரர்கள் குமிழ் தேக்கு என்பார்கள், தேக்குக்கும் அதற்கும் உறவு உண்டு என்றாலும் எடை வேறு. வெளிர் மஞ்சள் நிறம், காய்ந்த பிறகு அதிகம் கோணாது. சந்தன வேம்பும் கிட்டத்தட்ட அதே எடை, சிவப்பாக, வாசனையாக இருக்கும், கிடைப்பதுதான் அபூர்வம். மலைவேம்பு இவற்றைவிட லேசு, விலையும் குறைவு. ஆனால் தீப்பெட்டிக்கும் பிளைவுட்டுக்கும் என்று ஏழெட்டு வருஷத்தில் வெட்டிவிடுகிறார்கள். இளமரம் என்பதால் வலு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று சொல்ல முடியாது. அதை எடுத்தால் மரத்தின் நடுப்புள்ளி வராத கட்டையாகப் பாருங்கள்.

நாட்டு வேம்பு, பலா, மா, வேங்கை, கோங்கு எல்லாம் வேண்டாம். கனம் ஒரு காரணம். சிலவற்றில் ரேகை ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பும், மெல்லிய ஓரத்தை இழைக்கும்போது பெயர்ந்து வரும். ரப்பர் மரத்தை வண்டு விடாது.

மரமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. தெற்கே குமரிக் கடற்கரையில் கட்டுமரத்துக்குப் பிளந்த மூங்கிலைத்தான் துடுப்பாக வைத்திருந்தார்கள். நடுவில் பிடித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வலிப்பது. கயாக் துடுப்பின் தூரத்துச் சொந்தம் என்று எனக்குத் தோன்றும்.

கட்டையைப் படிப்பது

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள் போனால் மரவாடியில் கூட்டம் இருக்காது. போன தடவை நான் இருபது கட்டையைப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பெரியவர் கேட்டார்.

“என்ன சார், கதவுக்கா, ஜன்னலுக்கா?”

“துடுப்பு செய்யண்ணே.”

“துடுப்புக்கா இவ்வளவு பார்க்குறீங்க? பொண்ணு பார்க்கக்கூட யாரும் இவ்வளவு நேரம் எடுக்க மாட்டாங்களே.”

சிரித்துவிட்டு அவரே அடியில் கிடந்த இரண்டு கட்டையை உருவிக் கொடுத்தார். அதில் ஒன்றைத்தான் வாங்கினேன். கலைத்த அடுக்கைத் திரும்ப ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டால் அடுத்த முறையும் புரட்ட விடுவார்கள்.

முதலில் முனையைப் பாருங்கள். கட்டையின் வெட்டுமுகத்தில் வளையங்கள் எப்படி நிற்கின்றன? கட்டையைப் படுக்க வைத்தால் வளையக் கோடுகள் மேலிருந்து கீழாகச் செங்குத்தாக நின்றால் அதுதான் முதல் தரம். மரம் ஈரத்தில் விரிவதும் காய்ந்து சுருங்குவதும் வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நடக்கும். கோடு செங்குத்தாக நின்றால் அந்த அதிக அசைவு தடிமனில் போய்விடும், தட்டின் அகலத்தில் வராது, தட்டு வளையாது. கோடு படுக்கையாக இருந்தாலும் சமாளிக்கலாம். குறுக்காகச் சாய்ந்து ஓடினால்தான் முறுக்கிக்கொள்ளும். கட்டையின் முகத்தில் நடுப்புள்ளி தெரிந்தால் அதை அப்படியே வைத்துவிடுங்கள், வெடிக்கும்.

அடுத்தது ரேகை. என் அனுபவத்தில் துடுப்பு உடைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. ரேகை கட்டையின் நீளத்துக்கு நேராக, முனையிலிருந்து முனைவரை ஓட வேண்டும். அகலப் பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. அங்கே நேராகத் தெரியும், விளிம்பைத் திருப்பினால் சாய்ந்து வெளியேறிக்கொண்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் ஊசி முனையால் நீளவாக்கில் மெதுவாகக் கீறுங்கள். ஊசி தானாக ரேகையோடு போகும். இங்க் பேனா இருந்தால் ஒரு சொட்டு வையுங்கள், மை இழை வழியே கசியும். அறுத்த முனையில் ஒரு சிலாம்பைப் பிய்த்து இழுத்துப் பார்ப்பதும் உண்டு, நேராக நீளமாக உரிந்து வந்தால் நல்ல கட்டை, குட்டையாக முறிந்து வெளியேறினால் ரேகை சாய்வு.

எவ்வளவு சாய்வு தாங்கும்? விமானத்துக்கு எடுக்கும் ஸ்ப்ரூஸில் 15 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம்வரை விலகலாம் என்பது பழைய விதி. துடுப்புக்கும் நான் அதையே வைத்துக்கொள்கிறேன்.

பிறகு கணு. கணுவே இல்லாத எட்டடிக் கட்டை எங்கள் பக்கம் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை சொல்லும்போது மூச்சு நிற்கும். அதனால் ஒரு தந்திரம். உங்கள் துடுப்பின் வடிவத்தை முழு நீளத்துக்கு அட்டையில் வெட்டி, மடித்து எடுத்துப் போங்கள். கட்டையின் மேல் வைத்து அப்படி இப்படி நகர்த்தினால் கணு விழும் இடம் வெட்டிப் போகும் பகுதியில் வந்துவிடலாம். தட்டின் நடுப்பகுதியில் மிளகு அளவு கணு இருந்தால் பரவாயில்லை. பிடியிலும், பிடி தட்டாக விரியத் தொடங்கும் தோள் பகுதியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடிக்கும் எதுவுமே இருக்கக்கூடாது.

இதை நான் புத்திசாலித்தனத்தால் கண்டுபிடிக்கவில்லை. என் இரண்டாவது துடுப்பு பெட்டிக்கட்டைப் பைன். தோளில் ஒரு கணு இருந்தது, ஐந்து பைசா அளவுகூட இல்லை. மேலே எபாக்ஸிப் பசை தடவினால் சரியாகிவிடும் என்று விட்டேன். நாலாவது முறை போனபோது மணல் திட்டில் தட்டிய கயாக்கைத் துடுப்பை ஊன்றித் தள்ளினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். கணுவைச் சுற்றி ரேகை வளைந்து போயிருந்த இடத்தில் சாய்வாகப் பிளந்து, கையில் இரண்டு ஒற்றைத் துடுப்பு. பாதியை வைத்துக்கொண்டு இடம் வலம் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கரை வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். கட்டையின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், கூன் தெரியும். சமமான தரையில் போட்டால் முறுக்கு தெரியும். லேசான கூன் இழைப்பில் போய்விடும், முறுக்கு போகாது. அகலப் பக்கத்தில் குறுக்கே மயிரிழை போல ஓடும் சுருக்கக் கோடு இருந்தால் அங்கே இழை ஏற்கெனவே நசுங்கி இருக்கிறது, முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். கடைசியாக இரண்டு செங்கல் மேல் வைத்து நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். கொஞ்சம் வளைந்து உடனே மீள வேண்டும். இரண்டு மூன்று கட்டையை இப்படி அழுத்திப் பார்த்தாலே எது விறைப்பு என்று கை சொல்லிவிடும்.

ஒரே கட்டை கிடைக்காவிட்டால்

மூன்று ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, ஒட்டிச் செய்யுங்கள். இதை இரண்டாம் தர வேலை என்று நினைக்க வேண்டாம், கடையில் விற்கும் மரத்துடுப்புகளில் நிறைய ஒட்டியவைதான். மெல்லிய சட்டங்களில் கணு இல்லாததைத் தேடுவது எளிது. தானாக வளையப் பார்க்கும் சட்டங்களை எதிரெதிராகத் திருப்பி ஒட்டினால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். நடுவில் கடினமான சட்டம் ஒன்று, இரண்டு பக்கமும் லேசான மரம் என்று வைத்தால் எடை ஏறாமல் வலு கிடைக்கும். என் தேக்கு ஆசை இப்படித்தான் தீர்ந்தது: நடுவில் கால் அங்குலத் தேக்குப் பட்டை, மற்றதெல்லாம் பைன். தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் துடைக்காவிட்டால் பிடிக்காது. எபாக்ஸியோ, மரைன் என்று எழுதியிருக்கும் பெவிகாலோ வாங்குங்கள். சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் விட்டுவிடும்.

வாங்கிய பிறகு

உடனே அறுக்கத் தொடங்காதீர்கள். மரத்தின் ஈரத்தை அளக்கும் மாய்ஸ்ச்சர் மீட்டர் இருந்தால் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா பாருங்கள், கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரத்தால் இரண்டு மூன்று கூடவே காட்டும், பரவாயில்லை. மீட்டர் இல்லையென்றால் அதே தொங்கும் தராசு போதும். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் இரண்டு கட்டைத் துண்டின் மேல் கிடத்தி, முனைகள் இரண்டிலும் பெயிண்டோ மெழுகோ பூசிவிடுங்கள். முனை வழியே வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். எடை குறைவது நிற்கும்வரை மூன்று நாளைக்கு ஒரு முறை நிறுத்துக் கட்டையின் மேலேயே பென்சிலால் தேதியும் எடையும் எழுதி வையுங்கள்.

மூக்குக்கு ஒரு முகக்கவசமும் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், குறிப்பாக ரெட் சீடர் என்றால். அதன் தூளில் இருக்கும் பிளிகாடிக் அமிலம் ஆஸ்துமாவைக் கிளப்பும்.

குமிழ்க் கட்டை என் வீட்டுக்கு வந்த அன்று 6 கிலோ 400 கிராம். வரம்பைத் தாண்டித்தான் இருந்தது, ஆனால் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது ஜில்லென்று இருந்ததால் ஈரம் இருக்கிறது என்று தெரிந்தே வாங்கினேன். ஒரு வாரத்தில் 6 கிலோ 150. மூன்றாவது வாரம் 5 கிலோ 900. அதற்குப் பிறகு இரண்டு முறை நிறுத்தும் முள் நகரவில்லை. அன்று சாயங்காலம்தான் கட்டையைத் துடைத்து, நடுக்கோடு போட்டேன்.